பட்டவர் எந்த வகையறா?

மதுரைச் சீமையில் கொலையுண்ட முன்னோரைத் தேடிக் கிளம்பியிருக்கும் குடும்பங்கள். தேடினால் கிடைப்பது பெருமை மட்டும்தானா?

மாசி மாதம், மகா சிவராத்திரி. உசிலம்பட்டியிலிருந்து பாப்பாபட்டி போகும் சாலையில் வெயில் சாய்ந்தும் சூடு தணியவில்லை. உறுமிச் சத்தம் நெஞ்சுக்குள் இறங்குகிறது. பட்டுத்துணி சுற்றி மாலை போட்ட சாமிப் பெட்டிகள் தலைச்சுமையாகப் போகின்றன. பெட்டிக்கு முன்னும் பின்னும் வெறுங்காலோடு பங்காளிகள். திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வந்த வேன்கள் சாலையோரம் வரிசை கட்டி நிற்கின்றன. ஒச்சாண்டம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் ஜீன்ஸ் போட்ட பையன் ஒருவன் முண்டியடித்து முன்னால் வருகிறான். துண்டைத் தோளில் போட்ட பெரியவர் நிறுத்திக் கேட்கிறார்: “நீ எந்த வகையறாப்பா? சீயான் பேரு என்ன?”

சீயான், அதாவது தாத்தா பெயரைப் பையன் சொல்லிவிடுவான். சீயானுக்குச் சீயான் யார் என்று அடுத்த கேள்வி வந்தால் அப்பாவுக்கு போன் போடுவான். அப்பாவுக்கும் தெரியாவிட்டால் ஊரில் கட்டிலோடு கிடக்கும் அப்பத்தாவிடம் போன் போகும்.

இந்தக் காட்சியைச் சிவராத்திரி தோறும் மதுரை மாவட்டம் முழுக்கப் பார்க்கலாம். குலசாமி தெரியாமல் போன குடும்பங்கள் இன்று ஜோசியரிடமும் கோடாங்கியிடமும் போவதோடு நிறுத்திக்கொள்வதில்லை. ஆவணக் காப்பகத்துக்கும் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கும் போகத் தொடங்கிவிட்டன. அப்படித் தேடிப்போகும் பலர் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். வெட்டுப்பட்டோ, சுடப்பட்டோ, எரிக்கப்பட்டோ அகாலத்தில் மாண்ட ஒரு மனிதர், ஒரு ‘பட்டவர்’.

கல்லாகி நின்றவர்கள்

கொலையுண்டவரைக் கும்பிடுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ல் கண்டெடுத்த தமிழ் பிராமி நடுகற்களில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில் மாண்ட அந்தவன் என்பவனுக்காக எழுப்பப்பட்டது. மாடு கவரும் சண்டையில் செத்த ஒரு கிராமத்தானின் பெயர், இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக வைகைக் கரைக் கல்லில் நிற்கிறது. இந்தியாவில் கிடைத்த எழுத்துள்ள நடுகற்களில் மிகப் பழையவை இவைதான்.

அந்தவனுக்குப் பின் வந்தவர்களுக்கும் இப்படித்தான் கல்லும் பூடமும் கிடைத்தன. மதுரை வீரன் கதையில், திருமலை நாயக்கரின் ஆணையில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட காவல்காரனுக்கு மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு வாசல் பக்கமே சந்நிதி இருக்கிறது. சாதி மீறிக் காதலித்ததால் கழுவேற்றப்பட்டவன் காத்தவராயன். சக்கிலியப் பெண்களை மணந்து காவலில் மாண்ட பிராமணன் முத்துப்பட்டன். இந்தக் கதைப்பாடல்களைப் பேராசிரியர் நா. வானமாமலை தேடித் தொகுக்க, மதுரைப் பல்கலைக்கழகம் பதிப்பித்தது. ஊர் ஊராக இருக்கும் சீலைக்காரி அம்மன்களைக் கேட்டால், பல இடங்களில் அகாலத்தில் செத்த ஒரு வீட்டுப் பெண்ணின் கதை வெளிவரும். அவளுக்குப் படைத்த புடவை இன்றும் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும்.

பிழைக்கப் போன குடும்பம் மூலக் கோயிலில் பிடிமண் எடுத்துப் போய், போன ஊரில் பூடம் போட்டுக் கும்பிட்டது. அதனால் பிடிமண் வந்த வழியைத் திரும்பப் பிடித்துக்கொண்டு போனால் பூர்வீக ஊருக்குப் போய்விடலாம். வம்சாவளி தேடுபவர்களுக்கு இதைவிட நம்பகமான வரைபடம் இந்தப் பக்கத்தில் கிடையாது.

ஆனால் சாமிக்கதையில் தேதி இருக்காது. தேதியோடும் காகிதத்தோடும் தேட வேண்டியிருக்கிற கொலைகளும் இந்தச் சமவெளியில் உண்டு. அவற்றில் பெரியது நூறு ஆண்டுக்குச் சற்று முன்னால் நடந்தது.

பெருங்காமநல்லூர், 1920 ஏப்ரல் 3

உசிலம்பட்டிக்குத் தெற்கே, சேடபட்டி ஒன்றியத்தில் இருக்கிறது பெருங்காமநல்லூர். மானாவாரிக் காடும் கண்மாயுமாக, மற்ற ஊர்களைப் போலத்தான் இருக்கும். ஊரில் ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 3-ம் தேதி கட்சிக்காரர்களும் சமூக அமைப்புகளும் அங்கே மாலை போடுகிறார்கள்.

குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் பிரமலைக் கள்ளர் ஆண்கள் அத்தனை பேரும் கைரேகை பதிய வேண்டும் என்றது வெள்ளைக்கார அரசு. பெருங்காமநல்லூர்க்காரர்கள் மறுத்தார்கள். களவே செய்யாதவனும் களவாணிப் பதிவேட்டில் ஏன் ரேகை வைக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. ஆயுதப் போலீஸ் ஊருக்குள் வந்தது. பேச்சு முறிந்தது, துப்பாக்கி வெடித்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். குண்டடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனபோது மாயக்காள் கொல்லப்பட்டாள் என்று ஊர் சொல்கிறது.

அதற்கு ஓராண்டுக்கு முன்புதான், 1919 ஏப்ரல் 13-ல், அமிர்தசரஸின் ஜாலியன் வாலாபாக்கில் துப்பாக்கிச் சூடு நடந்திருந்தது. அதைப் பற்றி ஹண்டர் கமிட்டி விசாரித்தது. அது இந்தியா முழுக்கப் பாடப்புத்தகத்தில் ஏறியது. பெருங்காமநல்லூரைத் ‘தென்னாட்டு ஜாலியன் வாலாபாக்’ என்று இங்குள்ளவர்கள் மேடைதோறும் சொல்லிச் சொல்லியே மறக்காமல் காப்பாற்றினார்கள்.

■ பெட்டிச் செய்தி: ரேகைச் சட்டம், தேதிவாரியாக

• 1871: குற்றப் பரம்பரைச் சட்டம் வட இந்தியாவில் முதலில் அமலானது.
• 1911: திருத்தப்பட்ட சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது.
• 1914: மதுரையை ஒட்டிய கீழக்குயில்குடிக் கள்ளர்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள்.
• 1918: மதுரை மாவட்டப் பிரமலைக் கள்ளர்கள் முழுமையாகப் பட்டியலுக்குள் வந்தார்கள்.
• 1920 ஏப்ரல் 3: பெருங்காமநல்லூர் துப்பாக்கிச் சூடு.
• 1947: சென்னை மாகாணத்தில் சட்டம் நீக்கப்பட்டது.
• 1952 ஆகஸ்ட் 31: இந்தியா முழுவதும் நீக்கம்.

பெயர் இருக்கிறது, ஆள் எங்கே?

1920-ல் செத்தவருக்கு இன்று நான்காம், ஐந்தாம் தலைமுறை நடக்கிறது. “எங்க பூட்டனும் அன்னைக்குச் சுடப்பட்டவருதான்” என்று சொல்லும் குடும்பங்கள் சுற்றுவட்டாரத்தில் உண்டு. சொல்வது எளிது. நிரூபிக்கப் போனால் முதல் முட்டு பெயரிலேயே வருகிறது. மாயாண்டி, விருமாண்டி, ஒச்சு, பெரியகருப்பன் என்று சாமி பெயர்களே ஆட்களுக்கும் இருக்கும். தாத்தன் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம் என்பதால், ஒரே வகையறாவில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்பி வரும். ஒரு ஊரில் ஒரே காலத்தில் நாலு விருமாண்டி இருந்தால், செத்தவர் எந்த விருமாண்டி? பட்டப்பெயர்தான் வழிகாட்டும். பட்டப்பெயரோ அதிகாரிகளின் தாளில் பெரும்பாலும் ஏறாது.

இரண்டாவது முட்டு, தாளை எழுதியவர் யார் என்பது. செத்தவர்களைப் பற்றி அரசுக் கோப்பில் இருப்பதெல்லாம் சுட்டவர்கள் தரப்பு எழுதிய எழுத்து. அதில் செத்தவர் ‘கலகக்காரர்’. ஊர்க்கதையில் அதே மனிதர் தியாகி. இரண்டில் எதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆள் பெயர், தகப்பன் பெயர், நேரம், இடம் போன்ற விவரங்களுக்குக் கோப்பைப் பார்க்கலாம். என்ன நடந்தது என்பதற்கு ஊரையும் கேட்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகும் இடமே தேடுபவருக்குத் தெளிந்த தடயம்.

இதிலொரு விசித்திரமும் உண்டு. ஒருவரை அவமானப்படுத்த எழுதப்பட்ட ரேகைப் பதிவேடே, கொள்ளுப்பேரனுக்கு அவர் வாழ்ந்ததற்கான முதல் எழுத்துச் சான்றாகிறது. இரவில் வீட்டில் படுக்க உரிமையில்லாமல் காவல் சாவடியில் கிடந்தவர்கள், வெளியூர் போக ராத்திரிச் சீட்டு வாங்கியவர்கள் என்று இந்தச் சட்டம் தொட்டவர்கள் எல்லாருக்கும் ஏதோ ஒரு தாள் இருந்தது. அரசுக்கு வேண்டாதவராக இருந்ததால் பெயர் பதிவானது. சாதுவாகக் காடு உழுது செத்தவருக்கு அந்தத் தாள்கூட இல்லை.

மூன்றாவது முட்டு பெண் வழி. வகையறா என்பது தகப்பன் வழிக் கணக்கு. கொல்லப்பட்ட ஒரு பெண்ணின் மகள் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போனால், அவள் பிள்ளைகள் வேறு சாமிக்குப் பெட்டி தூக்குவார்கள். மாயக்காளின் ரத்தம் ஓடும் வீடு, தனக்கு அவள் அம்மாச்சி என்று தெரியாமலே அடுத்த தெருவில் இருக்கக்கூடும். ஆண் பெயர்களை மட்டும் அடுக்கி வம்சாவளி எழுதினால் பாதிக் குடும்பம் விடுபட்டுப் போகும்.

விஞ்ஞானம் உதவாதா? மதுரைக்கு மேற்கே ஜோதிமாணிக்கம் என்ற சிற்றூரில் எடுத்த ரத்த மாதிரியில், மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழு எம்130 என்ற மரபணு அடையாளத்தைக் கண்டறிந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆஸ்திரேலியா வரை போன ஆதி மனிதர்களின் தடம் அது. மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸின் ஆவணப்படம் வழியே அந்தச் சிற்றூர் உலகம் முழுக்கத் தெரிந்தது. பல்லாயிரம் ஆண்டுக்கு முந்தைய பாட்டனை ரத்தம் சொல்லிவிட்டது. 1920-ல் செத்த பூட்டன் இவர்தான் என்று சொல்ல வேண்டுமானால், ஒப்பிட்டுப் பார்க்க அவரது எச்சம் வேண்டும். அது இல்லாதவரை அப்பத்தாவின் வாயும் பழைய தாளும்தான் கதி.

இன்னொரு கையிருப்பும் உண்டு. பிரெஞ்சு மானுடவியல் அறிஞர் லூயி துய்மோன் 1949, 1950 வாக்கில் பிரமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி, யாருக்கு யார் பங்காளி, யாருக்கு யார் மாமன் மச்சான் என்று உறவுமுறைகளை விரிவாக எழுதிவைத்தார். அவர் நூல் 1957-ல் பாரிசில் வந்தது. துப்பாக்கிச் சூடு நடந்து முப்பது ஆண்டே ஆகியிருந்த காலம் அது.

■ பெட்டிச் செய்தி: எங்கே தேடலாம்?

• ஊர்: அப்பத்தா, அம்மாச்சி, பூசாரி, கோடாங்கி, ஒப்பாரி பாடும் பெண்கள். பட்டப்பெயரும், எந்த ஊரில் பெண் எடுத்தார்கள் என்பதும் முக்கியம்.
• கோயில்: பிடிமண் எங்கிருந்து வந்தது, தலைக்கட்டு வரி நோட்டில் யார் பெயர், முதல் மரியாதை எந்த வீட்டுக்கு.
• பள்ளி: கள்ளர் சீரமைப்புத் துறையின்கீழ் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இருநூறுக்கும் மேற்பட்ட பள்ளிகள் உண்டு. பழைய சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பன் பெயரும் ஊரும் கிடைக்கலாம்.
• நிலம்: வில்லங்கச் சான்று இணையத்தில் குறிப்பிட்ட ஆண்டிலிருந்துதான். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துத் தேட வேண்டும். பழைய பத்திரங்களில் ‘இன்னார் மகன் இன்னார்’ என்று மூன்று தலைமுறை கிடைப்பதும் உண்டு.
• பிறப்பு, இறப்பு: 1980-ல் பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவி ஒழிக்கப்படும்வரை கிராம முன்சீப்பே பதிவேடு எழுதினார். வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.
• அரசுக் கோப்பு: சென்னை எழும்பூர், தமிழ்நாடு ஆவணக் காப்பகம். நீதித்துறை, காவல்துறை அரசாணைகளை ஆண்டு வாரியாகப் பார்க்கலாம்.

கண்டுபிடித்த பிறகு…

தேடும்வரை ஆர்வம். கிடைத்ததும் வேலை தொடங்குகிறது.

முதல் விளைவு கல்யாணத்தில். ஒரே சாமியைக் கும்பிடும் வகையறா என்றால் பங்காளி. பங்காளிக்குள் பெண் கொடுக்கல் வாங்கல் இல்லை. இரண்டு தலைமுறையாகத் தொடர்பு விட்டுப்போன இரு வீடுகள் சம்பந்தம் பேசும்போது, பூட்டன் ஒருவரே என்று தெரிந்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். பெண்ணுக்கும் பையனுக்கும் பிடித்திருந்தால் பெரியவர்கள் பாடு திண்டாட்டம்.

இரண்டாவது, கோயில். புதிதாக வந்து சேரும் குடும்பம் தலைக்கட்டு வரி கொடுக்க வேண்டும். கொடுத்தபின் மரியாதையில் பங்கு கேட்கும். பரிவட்டம் யாருக்கு, பெட்டியைத் தொடும் உரிமை யாருக்கு என்று இருக்கிற பங்காளிகளுக்குள்ளேயே வழக்கு நடக்கும் கோயில்கள் உண்டு. செத்தவர் பெயரைச் சொல்லி இன்னொரு வீடு வந்து நின்றால் வரவேற்பு மட்டுமே கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

மூன்றாவது, சான்றிதழ். குற்றப் பரம்பரைச் சட்டத்தால் பாதிக்கப்பட்ட 68 சமூகங்கள் தமிழ்நாட்டில் சீர்மரபினராக இருக்கின்றன. 1979-ல் ஓர் அரசாணை அவர்களுக்கான பெயரில் இருந்த ‘பழங்குடியினர்’ என்பதை ‘வகுப்பினர்’ என்று மாற்றியது. அதை எதிர்த்து நீண்ட போராட்டம் நடந்தபின், மத்திய அரசின் சலுகைகளுக்காகப் பழைய பெயரில் சான்றிதழ் தர 2019-ல் அரசு ஒப்புக்கொண்டது. ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இந்தச் சான்றிதழ் சமூகத்தைப் பார்த்துத் தரப்படுவது. சுடப்பட்டவரின் வாரிசா இல்லையா என்று அதில் கேள்வியே கிடையாது. ‘வம்சாவளி எடுத்துத் தருகிறேன், சலுகை கிடைக்கும்’ என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நான்காவது விளைவு நன்றி. தேடப் போனவர்கள் செத்தவரோடு சேர்த்து, கூட நின்றவரையும் கண்டுபிடிக்கிறார்கள். ரேகைச் சட்டத்தால் நசுக்கப்பட்டவர்களுக்காக வாதாடியவர் ஜார்ஜ் ஜோசப், செங்கன்னூரில் பிறந்து மதுரையில் தொழில் செய்த பாரிஸ்டர். மக்கள் அவரை ‘ரோசாப்பூ துரை’ என்றார்கள். 1938-ல் மதுரையிலேயே காலமானார். அவர் நினைவாகப் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்றே பெயர் வைத்தார்கள். உங்கள் வகையறாவில் ரோசாப்பூ என்று ஒரு பாட்டன் இருந்தால், அந்தக் குடும்பத்தை ரேகைச் சட்டம் தொட்டிருக்கக்கூடும் என்பதற்கு அந்தப் பெயரே தடயம்.

கல் கிடைக்காதவர்கள்

ஐந்தாவது விளைவை யாரும் விரும்புவதில்லை. வேர் தேடித் தோண்டும்போது, பட்டவரோடு சேர்ந்து வெட்டியவரும் வெளியே வருவார்.

1997 ஜூன் 30. மேலூரிலிருந்து போன பேருந்தை வழிமறித்து, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் தலித் ஒருவர் தலைவரானதுதான் குற்றம். 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது, உச்ச நீதிமன்றம்வரை உறுதியானது. 2019-ல் அவர்களில் 13 பேரை, எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டிய கருணையில் அரசு விடுவித்தது. மேலவளவில் ‘விடுதலைக் களம்’ என்ற நினைவிடம் இருக்கிறது. அங்கே வருபவர்களுக்கு வம்சாவளி தேடும் வேலை இல்லை. செத்தவர்களின் பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் கண்முன்னே இருக்கிறார்கள். நூறு ஆண்டு கழித்து ஒருவர் தன் பூட்டன் பெயரை அந்த வழக்குக் கட்டில் தேடும்போது, அது கொல்லப்பட்டோர் பட்டியலில் இருக்குமா, தண்டிக்கப்பட்டோர் பட்டியலில் இருக்குமா?

பெட்டி போகும் பாப்பாபட்டிக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 தொடங்கிப் பத்து ஆண்டு தேர்தல் முறையாக நடக்கவிடாமல் முடக்கப்பட்டது. 2006-ல்தான் தலைவர்கள் பதவியேற்றுச் செயல்பட முடிந்தது. பிறப்பை வைத்துக் குற்றவாளி என்று எழுதாதே என நெஞ்சைக் காட்டியவர்களின் சீமையில், பிறப்பை வைத்துத் தலைவராகாதே என்று சொன்னவர்களும் இருந்தார்கள். வம்சாவளியில் முதலாவதை மட்டும் எழுதிவிட்டு இரண்டாவதை விட்டுவிட முடியாது.

கல்லே கிடைக்காத கூட்டம் ஒன்றும் இருக்கிறது. 1986-ல் ‘இந்தியா டுடே’ அட்டைப்படக் கட்டுரை உசிலம்பட்டிப் பெண்சிசுக் கொலைகளை நாட்டுக்குச் சொன்னது. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. கள்ளிப்பாலில் போன அந்தப் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கவே நேரம் கொடுக்கப்படவில்லை. பதிவேட்டிலும் கோயில் நோட்டிலும் அவர்கள் கிடையாது. எத்தனையோ வம்சாவளிகளில் இரண்டு ஆண் பெயர்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி அவர்களுடையது. வெட்டுப்பட்ட வீரனுக்குப் பூடம் போடத் தெரிந்த சனத்துக்கு இவர்களையும் முன்னோர் கணக்கில் சேர்க்கத் தெரிய வேண்டும். அத்தையாக, பெரியம்மாவாக, அப்பத்தாவாக ஆகியிருக்க வேண்டியவர்கள் அவர்கள்.

இனி செய்ய வேண்டியது

பெருங்காமநல்லூர் தொடர்பான அரசாணைகள், ரேகைப் பதிவேடுகள், பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள் ஆகியவற்றை அரசு மின்படியாக்கி இணையத்தில் வைக்க வேண்டும். நினைவு மண்டபத்துக்கு ஒதுக்கும் தொகையோடு ஒப்பிட்டால் செலவு பெரிதாக இருக்காது. சேடபட்டியிலிருந்து ஒரு கொள்ளுப்பேரன் எழும்பூருக்கு ரயிலேறி வந்துதான் தன் பூட்டன் பெயரைப் பார்க்க வேண்டும் என்ற நிலை போதும்.

குடும்பங்கள் செய்ய வேண்டியதற்கு அரசு தேவையில்லை. வீட்டில் எண்பது தாண்டிய அப்பத்தாவோ அம்மாச்சியோ இருந்தால் அடுத்த சிவராத்திரி வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். பட்டப்பெயர், பெண் எடுத்த ஊர், பெண் கொடுத்த ஊர், பிறந்து தங்காத பிள்ளைகள் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுங்கள். யார் கையால் யார் செத்தார் என்பதையும் அவர் சொன்னால், அது உங்களுக்குப் பெருமையாக இருந்தாலும் வெட்கமாக இருந்தாலும், சொன்னபடியே எழுதுங்கள். பட்டவரை என் பாட்டன் என்று உரிமை கொண்டாடுகிறவருக்கு, வெட்டியவரையும் என் பாட்டன் என்று ஒத்துக்கொள்ளும் கடமை இருக்கிறது.